அலமாரியில் இல்லாதவை

கல்யாணமான புதிதில் கணவனின் சித்தி அவள் காதோடு காதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். "ஒண்ணு தெரிஞ்சுக்கோ கண்ணு. உன் புருஷனுக்கு முதல் தாரம் அந்த அலமாரிதான். நீ இளைய தாரம். பாத்துப் பொழைச்சுக்கோ."

சித்தி வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ஆனால் வேடிக்கைப் பேச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சொன்னவர் கிளம்பிப் போன பிறகும் அது வீட்டிலேயே தங்கிவிடும். கூடத்துச் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை நின்ற அந்த அலமாரியைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சித்தியின் குரல் கேட்டது. அதில் இருந்தவை அத்தனையும் சினிமா. குறுந்தகடுகள், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று தோள் உரசி நின்றன.

கணவனுக்குத் தொழில் தராசு. கடை கடையாகப் போய் எடை இயந்திரங்களைச் சோதித்து, ஒரு கிலோ என்றால் ஒரு கிலோவாகவே காட்டும்படி திருத்திவிட்டு வருவான். கடைக்காரர்கள் அவனைக் கூப்பிடுவதே 'தராசு' என்றுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பான். படத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் மடை திறந்துவிடும். எந்தப் படம், எந்த வருஷம், அலமாரியில் எந்தத் தட்டு என்று எல்லாவற்றையும் கணினியில், அவனே உண்டாக்கிய ஒரு பதிவேட்டில் ஏற்றி வைத்திருந்தான்.

அவளுக்கு வேலை மருந்து மொத்த விற்பனைக் கிடங்கில். இருப்பு சரிபார்ப்பது. கிடங்கு முழுக்க அவளுக்குப் பெயர் 'ஸ்டாக்கம்மா'. அவளுடைய தொழிலில் வேதம் ஒன்றே ஒன்றுதான்: கண்ணால் பார்க்காத சரக்கு கணக்கில் இருக்கக் கூடாது.

இந்த இரண்டு தொழில்களும் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும் என்பதுதான் அந்தச் சனிக்கிழமை நடந்தது.

துறைமுகத்தில் லாரிகளை எடை போடும் மேடையைச் சரிசெய்யக் கணவன் வெளியூர் போயிருந்தான். சனிக்கிழமை சாயங்காலம் திரும்புவதாகச் சொல்லியிருந்தான். அவளுக்கு அன்று விடுமுறை. முதல் தாரத்தோடு சமாதானமாகப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் வருவதற்குள் அலமாரியைத் தூசி தட்டி, பதிவேட்டோடு ஒப்பிட்டு, பளிச்சென்று வைத்துவிட்டால் அசந்துபோவான் அல்லவா?

தலையில் துணியைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு தட்டாக எடுத்தாள், துடைத்தாள், பதிவோடு ஒத்துப் பார்த்தாள். நடுநடுவே தட்டுகளில் இடைவெளிகள் இருந்தன, பல் விழுந்த வாய் மாதிரி. பதிவேட்டில் படம் இருந்தது, அலமாரியில் இல்லை.

"தொலைஞ்சு போனதைக்கூட அழிக்காம வெச்சிருக்காரே மனுஷன்" என்று செல்லமாக அலுத்துக்கொண்டு, அலமாரியில் இல்லாத படங்களின் பதிவுகளை, பெயரை மட்டும் பார்த்து, உள்ளே திறக்காமலே ஒவ்வொன்றாக நீக்கினாள். 'நிச்சயமாக நீக்கவா?' என்று கணினி ஒவ்வொரு தடவையும் கேட்டது. அவளுக்கு நிச்சயம் என்பதில் என்றைக்குமே குறை இருந்ததில்லை. கடைசியில் மூலையில் 'சுத்தம் செய்' என்று ஒரு பொத்தான் தெரிந்தது. சுத்தம் என்ற சொல்லைக் கண்டால் அவள் விரல் சும்மா இருக்குமா? அதையும் அழுத்தினாள்.

தலைத்துணியை அவிழ்த்து, தேநீர் போட்டு, அலமாரிக்கு எதிரே உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர். கையில் ஒரு குறுந்தகடு.

"தம்பி இல்லையாம்மா? இந்தப் படத்தைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். வழக்கமா அவர் காலையில கிளம்புறப்பதான் பிடிப்பேன்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அந்தப் பெயரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது. எங்கே என்பதும் ஞாபகம் வந்தது. சற்றுமுன் அவள் நீக்கிய படம்.

"டீச்சர்... இது உங்ககிட்ட எப்படி?"

"எப்படின்னா? தம்பி குடுத்ததுதான். எனக்கு மட்டுமா? அவர் போற கடையில எல்லாம் ஆளுக்கு ஒரு படம் குடுத்து வெச்சிருக்காரே. தராசுப் பையில எடைக்கல்லோட படமும்தானே போகும்! உனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியாது. அவள் காலையில் கிடங்குக்குப் போனால் இருட்டியபின்தான் வருவாள். பையில் எடைக்கல்தான் இருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

"யாருக்குக் குடுத்தோம்னு அவருக்கு ஞாபகம் இருக்கும் இல்லையா டீச்சர்?"

டீச்சர் சிரித்தார். "ஞாபகமா? அவருக்கா? போன வாரம் என்கிட்டயே வந்து, இந்தப் படத்தை நீங்க பாத்தே ஆகணும்னு, என்கிட்ட இருக்கிற படத்தைப் பத்தியே அரை மணி நேரம் சொல்லிட்டுப் போனாரு. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கேன் டீச்சர், அது இல்லேன்னா நான் அம்போன்னு சொல்வாரு."

தொலைந்துபோனவை என்று அவள் அழித்ததெல்லாம் தொலைந்தவை அல்ல, ஊர் சுற்றப் போனவை. யாரிடம் எது இருக்கிறது என்பதற்கு இருந்த ஒரே சாட்சியையும் சுத்தம் செய்தாகிவிட்டது.

கிடங்கில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் 'ஒயர் அண்ணன்' என்பார்கள். அவள் அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, தெரியாம சில பதிவை அழிச்சுட்டேன். திரும்ப எடுக்க முடியுமா?"

"அழிச்சா ஒண்ணும் ஆகாதும்மா. பதிவு உள்ளேயேதான் ஒளிஞ்சிருக்கும். வேற எதையாவது அழுத்துனீங்களா?"

"சுத்தம் செய்னு ஒண்ணு இருந்துச்சு..."

"ஸ்டாக்கம்மா! குப்பைத்தொட்டியில போட்டிருந்தா நான் கையை விட்டு எடுத்துக் குடுத்திருப்பேன். நீங்க குப்பை வண்டியையே கூப்பிட்டு ஏத்தி அனுப்பிட்டீங்களே!"

"அண்ணே, அழுதுடுவேன்."

"அழாதீங்க. உங்க வீட்டுக்காரர் விவரமான ஆளு, எங்கேயாவது நகல் எடுத்து வெச்சிருப்பாரு. மேசை டிராயர்ல பென் டிரைவ் இருக்கா பாருங்க."

இருந்தது. சிறிய எடைக்கற்களுக்கு நடுவே, ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியபடி. காகிதத்தில் அவன் கையெழுத்தில் 'கல்யாணத்துக்கு முன்' என்று எழுதியிருந்தது. அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோ போலிருந்தது. இளைய தாரத்துக்கு முந்தைய பொற்காலம் போலிருக்கிறது.

ஒயர் அண்ணன் போனிலேயே வழிநடத்தினார். "பழசைத் தூக்கிப் புதுசு மேல போட்டுடாதீங்க, அப்புறம் இருக்கிறதும் போயிடும். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல திறங்க. பழசுல இருந்து புதுசுல இல்லாததை மட்டும் எடுத்து ஒட்டுங்க." அவள் ஒட்டினாள். போன படங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து வரிசையில் நின்றன. கல்யாணத்துக்குப் பிறகு வாங்கியவை இன்னும் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியிலேயே இருந்ததால் அவை தப்பித்திருந்தன.

"அண்ணே, யாரிடம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல பேரும் வந்திருக்கு!"

"அதை நம்பாதீங்கம்மா. அது அப்போ வாங்குனவங்க. இப்போ யார் வீட்டுல எது இருக்கோ? அதுக்கு என்கிட்ட மருந்து இல்லை. காலுக்கு வேலை குடுக்க வேண்டியதுதான்."

பாதியைக் கணினி தந்துவிட்டது. மீதி பாதிக்கு டீச்சர் வழி சொன்னார். "இந்தத் தெருவுல ஒரு சேதி போகணும்னா சலூன்ல சொல்லணும். வா, நானும் வர்றேன்."

சலூன்காரர் ஒருவரின் கன்னத்தில் நுரை தடவி மழித்துக்கொண்டிருந்தார். அவள் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னாள். "கம்ப்யூட்டர்ல இருந்தது அழிஞ்சு போச்சுங்க. யார்கிட்ட என்ன படம் இருக்குன்னு தெரியணும். அவர் சாயங்காலம் வர்றதுக்குள்ள."

நாற்காலியில் சாய்ந்திருந்த நுரை முகம் கையைத் தூக்கியது. அவர் மருந்துக்கடைக்காரர். "என்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. ரெட்டைச் சகோதரிங்க லாரி ஓட்டுவாங்களே, அது."

"பேசாதீங்க சார், கத்தி கன்னத்துல இருக்கு" என்று அவரை அடக்கிய சலூன்காரர் அவள் பக்கம் திரும்பினார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கும்மா. நீங்க வீட்டுக்குப் போங்க. மீதியை என் வாய்கிட்ட விட்டுடுங்க."

அவருடைய வாய் எப்பேர்ப்பட்டது என்பது அவளுக்கு மதியம்தான் தெரிந்தது.

முதலில் வந்தவர் ரொட்டிக்கடைக்காரர். ஒரு கையில் குறுந்தகடு, இன்னொரு கையில் சுடச்சுட ரொட்டிகள் நிரம்பிய பை. "சமைக்க முடியாதேன்னு கொண்டுவந்தேன்" என்றார் மிகுந்த துக்கத்துடன். ஏன் சமைக்க முடியாது என்று அவளுக்குப் புரியவில்லை, வாங்கிக்கொண்டாள்.

"படம் எப்படி இருந்ததுங்க?" என்று மரியாதைக்குக் கேட்டாள்.

"அதைச் சொல்லாம போக முடியுமா? ஒரு வரி கருத்துச் சொன்னாத்தான் அடுத்த படம் குடுப்பாரு தராசு. எழுதிக்குங்க: கதாநாயகன் அழுற இடத்துல எல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துச்சு, வில்லன் சிரிக்கிற இடத்துல அழுகை வந்துச்சு."

அடுத்து பழக்கடை அக்கா வந்தாள். குறுந்தகட்டோடு ஒரு வாளியும் கொண்டுவந்தாள். "தண்ணி வேணும்னா எங்க கடைக் குழாய்ல பிடிச்சுக்கோ தங்கச்சி. கருத்தா? பேய்ப்படம்னு குடுத்தாரு உன் வீட்டுக்காரரு. அந்தப் பேய் என் நாத்தனாரை விட நல்லவ. அப்படியே எழுது."

தபால் அலுவலக அம்மாள் ஒரு போர்வையைக் கொண்டுவந்தார். பெயர் மறந்துபோய், "அதாம்மா, கடைசியில எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுத்துக்குவாங்களே, அந்தப் படம்" என்று சொல்லி உறையை நீட்டினார். நுரை கழுவிய மருந்துக்கடைக்காரர் வந்தபோது லாரி சகோதரிகளோடு ஒரு களிம்புக் குழாயும் இருந்தது.

"தீக்காயத்துக்கு நல்லா கேக்கும்மா இது."

"யாருக்குங்க தீக்காயம்?"

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டீச்சர், வகுப்பில் விடைத்தாள் திருத்தும் தோரணையில், விசாரணையைத் தொடங்கினார்.

சலூன்காரர் சொன்னது, "தராசு வீட்டு கம்ப்யூட்டர்ல எல்லாம் அழிஞ்சு போச்சு." ரொட்டிக்கடைக்காரர் அதைப் பழக்கடையில் சொன்னபோது கம்ப்யூட்டர் கருகியிருந்தது. பழக்கடை அக்கா தபால் அலுவலகத்தில் சொன்னபோது அதிலிருந்து புகை வந்திருந்தது. தபால் அலுவலகத்துக்குள் போன புகை வெளியே வரும்போது நெருப்பாகத்தான் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் தராசு வீடு முழுசாக எரிந்து முடிந்திருந்தது. முதலில் சொன்னவர்களிடமே சேதி திரும்பி வந்தபோது அவர்களும் அதை நம்பிவிட்டார்கள்.

"நான் கருகினதுன்னுதான் சொன்னேன்" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"உங்களுக்குத் தினமும் எதையாவது கருக்கிப் பழக்கம்!" என்றாள் பழக்கடை அக்கா. கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள், காலையிலிருந்து முதல் தடவையாக.

வந்தவர்கள் யாரும் போகவில்லை. ரொட்டி இருந்தது, தேநீர் போட ஆள் இருந்தது, ஒருவர் கருத்தை இன்னொருவர் மறுத்துப் பேச விஷயம் இருந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கணினி முன் உட்கார்ந்து, வந்த படத்தை வரவு வைத்து, கருத்தையும் அச்சுப் பிசகாமல் ஏற்றினாள். இன்னும் பார்த்து முடிக்காதவர்கள் காட்டிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பெயர் 'யாரிடம்' கட்டத்தில் ஏறியது. கிடங்கில் வருஷக் கடைசிக் கணக்கெடுப்பில்கூட அவளுக்கு இவ்வளவு ருசி கிடைத்ததில்லை. கணவன் எத்தனை வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்திருக்கிறான் என்பதையும் அன்றைக்குத்தான் கண்டாள்.

சாயங்கால வெயில் அலமாரியில் விழுந்தபோது ஒரே ஒரு படம்தான் பாக்கி. தீவு ஒன்றில் கடிதம் கொண்டுபோகும் தபால்காரரைப் பற்றிய படம். யாரிடமும் இல்லை. பழைய நகலில் அதற்கு நேரே 'யாரிடம்' கட்டமும் காலி. தபால் அலுவலக அம்மாளே கையை விரித்துவிட்டார்.

அவளுக்கு மறுபடி தைரியம் போயிற்று. ஒன்று போனாலும் போனதுதானே? அதுவே அவனுக்கு உயிரான படமாக இருந்துவிட்டால்? சமையலறைக்குள் போய் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கொட்டினாள்.

"இதுக்குப் போயா மூக்கைச் சிந்தற?" என்றாள் அம்மா. "எந்தப் படம்டி?"

"ஒரு தபால்காரர், தீவு..."

மறுமுனையில் அப்பாவின் இருமல் கேட்டது. அப்புறம் ஏதோ கிசுகிசு. "உங்கப்பா சட்டையை மாட்டிட்டு எங்கயோ கிளம்பறாரு, இரு" என்று அம்மா போனை வைத்துவிட்டாள்.

அவள் கூடத்துக்குத் திரும்பவும், வாசல் கதவு படாரென்று திறக்கவும் சரியாக இருந்தது.

கணவன் நின்றான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்கியது. பேருந்தை விட்டு இறங்கியதும் யாரோ ஒரு புண்ணியவான், "தராசு, உங்க வீடு எரிஞ்சு போச்சாமே!" என்று கேட்டிருக்கிறான். எடைக்கற்களைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்கிறவன், ஒரு கல்லில் கீறல் விழுந்தால்கூடச் சோறு இறங்காதவன், பையை அங்கேயே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான்.

"எங்க அவ?"

கூட்டம் விலகியது. அவன் அவளிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்தான். புரட்டிப் பார்த்தான். முகத்தைப் பார்த்தான். மறுபடி கைகளைப் பார்த்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? எங்கயும் சுடலையே? சொல்லு!"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. வீடு எரியல. அது ஊர் கட்டின கதை..."

"நிஜமா ஒண்ணும் இல்லையே?"

அவனுக்கு நேர் எதிரே, வெயிலில் மின்னிக்கொண்டு, சுவர் முழுக்க நின்றது அலமாரி. அவன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவள்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"அலமாரிக்கு என்ன ஆச்சுன்னு பாக்கலையா?"

"எந்த அலமாரி?" என்றான் அவன்.

அவ்வளவுதான். அத்தனை பேர் முன்னாலும் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விக்கலுக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள்: தூசி தட்டியது, நீக்கியது, குப்பை வண்டி வரைக்கும். அவன் கேட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். அவன் இப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து அவள் பார்த்ததே இல்லை.

"தப்பு என்னோடது. ஊருக்கெல்லாம் படம் குடுத்தேன், வீட்டுல சொல்லலை பாரு. நீ சினிமாவே பாக்க மாட்டேன்னு உங்க வீட்டுல சொல்லியிருந்தாங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு விட்டுட்டேன்."

"நான் பாக்க மாட்டேன்னு யார் சொன்னது?"

"உங்கப்பா."

சொல்லி வைத்தாற்போல அப்பா வாசலில் நின்றார். அக்குளில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். பின்னாலேயே சலூன்காரர், அனாதையாகக் கிடந்த எடைக்கல் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு.

"வாங்க மாமா" என்று எழுந்தான் கணவன். அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு ஒளிந்திருந்தது.

அப்பா பொட்டலத்தைப் பிரித்தார். தீவுத் தபால்காரர் வெளியே வந்தார்.

"அப்பா! உங்ககிட்டயா? நம்ம வீட்டுல இதைப் போட்டுப் பாக்கற மெஷினே கிடையாதே!"

"இல்லைதான்" என்றார் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு. "உன் கல்யாணப் பேச்சு நடக்கறப்போ மாப்பிள்ளையை ஒரு தடவைதான் பாத்திருந்தேன். ஒரு தடவையில ஆளைத் தெரியுமா? திரும்பத் திரும்ப வந்து பாக்க ஒரு சாக்கு வேணும்ல? அதான் ஒரு படம் கேட்டு வாங்கினேன். அப்புறம் வந்து வந்து, இன்னும் பாக்கலை, இன்னும் பாக்கலைன்னு சொல்லுவேன். இவரும் மெதுவா பாருங்கன்னு டீ குடுத்து அனுப்புவாரு. ஒரு தடவைகூட முகம் சுளிக்கலை. கடைசியில பொண்ணையே குடுத்துட்டேன். படத்தைக் குடுக்கத்தான் மறந்துட்டேன்."

"மெஷின் இல்லைன்னு எனக்கு ரெண்டாம் தடவையே தெரியும் மாமா" என்றான் கணவன். "படத்தைக் கேட்டா நீங்க வர்றது நின்னுடுமோன்னுதான் கேக்கலை. பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுக்க எனக்கும் வேற வழி இல்லையே."

"அடப்பாவிகளா!" என்றாள் பழக்கடை அக்கா, கன்னத்தில் கை வைத்து. "அது இருக்கட்டும், கருத்து எங்க? ஒரு வரி சொல்லணும் பெரியவரே. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"பாக்காத படத்துக்கு என்னத்தைம்மா சொல்ல?"

"அப்போ போட்டுப் பாத்துட வேண்டியதுதான்!"

போட்டார்கள். போர்வை விரிப்பாயிற்று, வாளியைக் கவிழ்த்துச் சலூன்காரர் உட்கார்ந்தார், மிச்ச ரொட்டி கை மாறியது. அவள் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்கவே மாட்டாள் என்று அப்பா சொல்லி வைத்திருந்த சினிமாவை, வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். தபால்காரர் தீவில் முதல் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன்பே அப்பாவின் குறட்டை கேட்டது.

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அவர் திடுக்கிட்டு எழுந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"பாதிதான் பாத்தேன்" என்றார் கூச்சமே இல்லாமல். "மாப்பிள்ளை, இதை நான் இன்னொரு தடவை எடுத்துட்டுப் போகட்டுமா?"

"தாராளமா மாமா."

அவள் எழுந்து கணினி முன் போனாள். 'யாரிடம்' என்ற கட்டத்தில் 'அப்பா' என்று ஏற்றினாள். அடுத்த கட்டம், 'திரும்பி வரும் நாள்'. விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன போடட்டும்?"

"காலியா விடு" என்றான் அவன்.

ஸ்டாக்கம்மா தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாள். பிறகு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து, பழைய காகிதத்தை நகத்தால் சுரண்டி எறிந்துவிட்டு, புதிதாக 'கல்யாணத்துக்குப் பின்' என்று எழுதி ஒட்டினாள். நாளைக் காலையில் முதல் வேலையாகச் சித்திக்குப் போன் போட்டு, முதல் தாரம் யார் என்று சொல்ல வேண்டும் என்றும் நினைத்துக்கொண்டாள்.